பக்க எண் மட்டும் போதாது: வாசகருக்கு வழி சொல்லும் பொருளடக்கம்

நூறு பக்கக் கையேட்டையோ அறிக்கையையோ திறக்கும் வாசகர்களில் பெரும்பாலோர் அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கும் எண்ணத்தோடு திறப்பதில்லை. அவர்களிடம் ஏற்கெனவே ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்விக்கு இந்த ஆவணத்தில் விடை உண்டா, உண்டென்றால் எந்தப் பகுதியில், அதைப் படித்து முடிக்க எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும் என்பதைத்தான் அவர்கள் முதலில் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்கள். இதற்கென்றே ஆவணத்தின் தொடக்கத்தில் ஒரு பக்கத்தை நாம் ஒதுக்குகிறோம். ஆனால், கையேடுகளையும் அறிக்கைகளையும் செப்பனிடும் வேலையில் என் கைக்கு வரும் வரைவுகள் பலவற்றில், அந்தப் பக்கம் 'முன்னுரை, பின்னணி, மேலோட்டம், விவரங்கள், இதர' என்ற ஐந்தாறு சொற்களோடும் அவற்றுக்கு எதிரே அடுக்கிய எண்களோடும் நின்றுவிடுகிறது. இந்தச் சொற்களை அப்படியே எடுத்து வேறொரு நிறுவனத்தின் வேறொரு அறிக்கையில் வைத்தாலும் பொருந்தும். அப்படிப்பட்ட பட்டியல், கையில் இருக்கும் ஆவணத்தைப் பற்றி வாசகருக்கு எதையுமே சொல்லவில்லை என்றுதான் பொருள்.

பொருளடக்கத்தின் ஒவ்வொரு வரியும், வாசகர் அந்தப் பகுதிக்குப் போகலாமா அல்லது அதைத் தாண்டிச் செல்லலாமா என்று முடிவெடுக்கப் போதுமான செய்தியைத் தன்னிடம் வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. தாண்டிச் செல்ல உதவுவதும் பெரிய உதவிதான். தமக்கு வேண்டாத நாற்பது பக்கங்களை வேண்டாதவை என்று ஒரே பார்வையில் அறிந்துகொள்ளும் வாசகர், வேண்டிய நான்கு பக்கங்களை நிதானமாகப் படிக்கிறார்.

இந்தத் தேவை இன்று நேற்று பிறந்ததன்று. ரோமானிய அறிஞர் மூத்த பிளினி, கி.பி. 77ஆம் ஆண்டளவில் 'இயற்கை வரலாறு' என்ற தம் பெருநூலைப் பேரரசரின் மகன் டைட்டஸுக்குக் காணிக்கையாக்கினார். அந்த நூலின் 37 பகுதிகளில் முதலாவது பகுதியில், முகவுரை நீங்கலாக, மற்ற 36 பகுதிகளின் உள்ளடக்கப் பட்டியல்தான் இருக்கிறது. அலுவல் மிகுந்த டைட்டஸ் நூல் முழுவதையும் படிக்க வேண்டியதில்லை, மற்றவர்களும் தத்தமக்கு வேண்டியதை மட்டும் தேடி எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் முகவுரையில் காரணம் சொல்கிறார். தமக்கு முன்பே வலேரியஸ் சொரானஸ் என்பவர் லத்தீனில் இப்படிச் செய்திருக்கிறார் என்பதையும் மறைக்காமல் குறிப்பிடுகிறார். ஒவ்வொரு பகுதியிலும் என்னென்ன பொருள்கள் வருகின்றன, மொத்தம் எத்தனை செய்திகள் அடங்கியுள்ளன, அவை எந்தெந்த ஆசிரியர்களிடமிருந்து பெறப்பட்டன என்பது வரை அந்தப் பட்டியலில் உண்டு. சுருள்களில் எழுதிய காலம் அது. பக்க எண்ணைக் காட்டித் தப்பித்துக்கொள்ள வழியில்லாததால், சொற்களே முழு வேலையையும் செய்ய வேண்டியிருந்தது.

நம் பக்கத்திலும் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. மணிமேகலையின் 30 காதைகளின் பெயர்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள்: பளிக்கறை புக்க காதை, பாத்திரம் பெற்ற காதை, ஆதிரை பிச்சையிட்ட காதை, சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை, உதயகுமரனைக் காஞ்சனன் வாளால் எறிந்த காதை. இவற்றில் பல, நடந்தது இன்னதென்று சொல்லிவிடும் தலைப்புகள். அவற்றிலும் சில, யார் எதைச் செய்தார் என்பதை முழு வாக்கியத்தின் நிறைவோடு சொல்கின்றன. கதையை ஒருமுறை கேட்டவர், தமக்கு வேண்டிய இடத்தை இந்தப் பெயர்களைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். 'காதை 19', 'காதை 20' என்று மட்டும் இருந்தால் அது முடியாது. இன்றைய கையேடுகளுக்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

வகையைச் சொல்லும் தலைப்பும் செய்தியைச் சொல்லும் தலைப்பும்

ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்ப்போம். கணினிக் கோப்புகளைப் பேக்கப் எடுப்பதற்கும் மீட்டெடுப்பதற்கும் ஒரு மென்பொருள் இருக்கிறது. அதன் கையேட்டில் நான்காம் அத்தியாயம் பொருளடக்கத்தில் இப்படி இடம்பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம்:

4. மீட்பு … 27
4.1 பொது … 27
4.2 நடைமுறை … 29
4.3 சிறப்பு நிலைமைகள் … 36
4.4 குறிப்புகள் … 40

முக்கியமான கோப்பு ஒன்றைத் தவறுதலாக அழித்துவிட்டுப் பதற்றத்தோடு இந்தப் பக்கத்தைப் பார்க்கும் ஒருவருக்கு, 'மீட்பு' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் கைகொடுக்காது. 'பொது' என்பது பகுதியின் வகை; 'குறிப்புகள்' என்பதும் வகைதான். உள்ளே போய்ப் பார்த்தால், 4.2இல் மூன்று வெவ்வேறு வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக விளக்கப்பட்டிருக்கின்றன: ஒரு கோப்பை மட்டும் மீட்பது, முழு வட்டையும் மீட்பது, பழைய கணினியின் பேக்கப்பை வேறொரு கணினியில் இறக்குவது. 4.3இல், பேக்கப் கோப்பே பழுதாகியிருந்தால் என்ன செய்வது, குறியாக்கக் கடவுச்சொல் தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்ற இரண்டும் கலந்து கிடக்கின்றன. எல்லாவற்றையும்விட அவசியமான எச்சரிக்கை, அதாவது பழைய கோப்பை அதே இடத்தில் மீட்டெடுத்தால் அதே பெயரில் இப்போது இருக்கும் புதிய கோப்பு அழிந்துபோகலாம் என்பது, 40ஆம் பக்கத்தில் 'குறிப்புகள்' என்ற தலைப்பின் கீழ் ஒதுங்கியிருக்கிறது. அந்தப் பக்கத்துக்கு வாசகர் வந்து சேர்வதற்குள் வேலை முடிந்திருக்கும்; சேதமும் நடந்திருக்கும்.

இதே அத்தியாயத்தைச் செப்பனிட்ட பிறகு பொருளடக்கம் இப்படி அமையலாம்:

4. பேக்கப்பிலிருந்து மீட்டெடுத்தல் … 27
4.1 மீட்டெடுக்கும் முன்: புதிய கோப்புகள் அழியாமல் காத்தல் … 27
4.2 ஒரு கோப்பை மட்டும் மீட்டெடுத்தல் … 29
4.3 முழு வட்டையும் மீட்டெடுத்தல் … 31
4.4 வேறு கணினியில் மீட்டெடுத்தல் … 34
4.5 பேக்கப் கோப்பே பழுதாகியிருந்தால் … 37
4.6 குறியாக்கக் கடவுச்சொல் தொலைந்திருந்தால் … 39

மொத்தப் பக்கங்கள் கூடவில்லை. பட்டியலில் இரண்டே வரிகள்தான் அதிகம். ஆனால் இந்த மாற்றம் பொருளடக்கப் பக்கத்தோடு நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எச்சரிக்கை அத்தியாயத்தின் கடைசியிலிருந்து முதலிடத்துக்கு வந்தது. ஒன்றாகக் கிடந்த மூன்று வேலைகள் மூன்று பகுதிகளாகப் பிரிந்தன. 'பொது' என்ற பகுதி காணாமலே போனது. அதில் இருந்த பத்திகள் தத்தமக்கு உரிய இடங்களுக்குச் சென்றன. பொருளடக்கத்தைத் திருத்தப் புகுந்தவர் உரையைத் திருத்தாமல் வெளியே வர முடியாது என்பதுதான் இந்த வேலையின் சிரமமும் பயனும். ஒரு பகுதிக்குத் தெளிவான தலைப்பு எவ்வளவு முயன்றும் அமையவில்லை என்றால், பெரும்பாலும் குறை தலைப்பில் இருக்காது. அந்தப் பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் இருக்கும், அல்லது சொல்லத்தக்க பொருள் எதுவும் இருக்காது.

கடைசி இரண்டு தலைப்புகளின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். 'பழுதாகியிருந்தால்', 'தொலைந்திருந்தால்' என்று முடியும் தலைப்பு, வாசகர் அந்த நேரத்தில் இருக்கும் நிலையை அவருடைய வாய்மொழியிலேயே சொல்லிவிடுகிறது. 'பிழை கையாளுகை', 'விதிவிலக்குச் சூழல்கள்' போன்ற தலைப்புகள் எழுதியவரின் மேசையிலிருந்து பிறந்தவை. சிக்கல் தீர்க்கும் பகுதிகளுக்கு நிபந்தனை எச்சத்தில் முடியும் தலைப்பைப் போல ஏற்றது வேறில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முடிவெடுப்பதற்காக எழுதப்படும் அறிக்கைகளில் இன்னும் ஒரு படி மேலே போகலாம். 'செலவு ஒப்பீடு' என்ற தலைப்பு, ஒப்பீடு ஒன்று உள்ளே இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. 'ஐந்தாண்டுச் செலவில் இரண்டாம் வழியே மலிவு' என்ற தலைப்பு, ஒப்பீட்டின் முடிவையும் சொல்கிறது. முடிவைப் பொருளடக்கத்திலேயே சொல்லிவிட்டால் உள்ளே யார் படிப்பார்கள் என்று எழுதுபவர்கள் சிலர் தயங்குகிறார்கள். அந்த அறிக்கையைப் பெறுபவர்களில் சிலர் எப்படியும் முதல் இரண்டு பக்கங்களுக்கு மேல் படிக்கப் போவதில்லை. அவர்கள் சரியான முடிவோடு எழுந்து போவது நல்லது. அந்த முடிவை ஏற்க மனமில்லாதவரோ, எந்தப் பக்கத்தில் கணக்கைச் சரிபார்க்கலாம் என்று அறிந்து நேரே அங்கே போவார். இரண்டு பேருக்கும் அந்தத் தலைப்பு பயன்பட்டுவிட்டது.

தமிழில் வேறுபடுத்தும் சொல் வரியின் கடைசியில் போய் நிற்கிறது

பொருளடக்கத்தை யாரும் பத்தியைப் படிப்பது போலப் படிப்பதில்லை. கண் இடது ஓரத்தைப் பற்றிக்கொண்டு மேலிருந்து கீழாக இறங்குகிறது; ஒவ்வொரு வரியிலும் முதல் ஓரிரு சொற்களைத் தொட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிறது. தமிழிலோ பெயரடையும் வேற்றுமைச் சொல்லும் முன்னே வர, வினை கடைசியில்தான் வரும். 'பயனர் கணக்கை உருவாக்குதல்', 'பயனர் கணக்கைத் தற்காலிகமாக முடக்குதல்', 'பயனர் கணக்கை நிரந்தரமாக நீக்குதல்' என்று மூன்று வரிகள் அடுத்தடுத்து நின்றால், கண் தொடும் இடத்தில் மூன்றும் ஒரே வரிதான். ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்கும் சொல் புள்ளிக்கோட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது.

பிடிஎஃப் கோப்பின் இடப்பக்கத்தில் திறக்கும் புக்மார்க் பலகையில் இது இன்னும் மோசமாகும். பலகை குறுகலாக இருப்பதால் நீளமான தலைப்பின் பின்பாதி மறைந்துவிடும். அப்படி மறைவது பெரும்பாலும் வினைச்சொல்தான். 'பயனர் கணக்கை நிரந்தரமாக' என்பதோடு வரி அறுந்தால், அங்கே சொல்லப்படுவது நீக்குவதா முடக்குவதா என்பது தெரியாமலே போகும்.

இதற்குத் தலைப்பைக் குறுக்குவதைவிடப் பொதுவான பகுதியை மேலே தூக்கி வைப்பதுதான் நல்ல வழி. 'பயனர் கணக்கு' என்பதை மேல்நிலைத் தலைப்பாக வைத்து, அதன் கீழ் 'உருவாக்குதல்', 'தற்காலிகமாக முடக்குதல்', 'நிரந்தரமாக நீக்குதல்' என்று உள்தள்ளி அமைத்தால் ஒவ்வொரு வரியும் தன்னை வேறுபடுத்தும் சொல்லோடு தொடங்கும். இதிலும் அளவு தேவை. தேடல் முடிவில் தனியாக வந்து நிற்கும்போது 'உருவாக்குதல்' என்ற ஒற்றைச் சொல் எதை என்று சொல்லாது. பட்டியல் பக்கம் மாறும் இடத்தில் மேல்தலைப்பு முந்தைய பக்கத்தில் தங்கிவிட்டாலும் இதே குழப்பம் நேரும். ஆகவே 'நிரந்தரமாக நீக்குதல்' என்று வினையை ஓர் அடைமொழியோடாவது விடுவதையோ, 'கணக்கை நீக்குதல்' என்று குறுகிய செயப்படுபொருளைச் சேர்ப்பதையோ நான் விரும்புகிறேன். 'தொடர்பான', 'குறித்த', 'சார்ந்த நடைமுறைகள்' போன்ற பாரம் மட்டும் உள்ள சொற்களை எந்தத் தயக்கமும் இல்லாமல் எடுத்துவிடலாம்.

எத்தனை நிலைகளைக் காட்டுவது

மைக்ரோசாஃப்ட் வேர்டு தானாக உருவாக்கும் பொருளடக்கம், நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால், மூன்று நிலைத் தலைப்புகளைக் காட்டும். ஆவணத்தை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றும் பாண்டாக் போன்ற கருவிகளிலும் இயல்பான அளவு மூன்றுதான். அது கருவி செய்தவர்களின் பொதுவான ஊகம். நம் ஆவணத்தைப் பார்த்து அவர்கள் எடுத்த முடிவன்று. முப்பது பக்க அறிக்கைக்கு இரண்டு நிலைகள் பெரும்பாலும் போதும். ஐந்நூறு பக்கக் கையேட்டில் மூன்று நிலைகளைக் காட்டினால் பொருளடக்கமே பதினைந்து பக்கம் போய்விடும். இரண்டு நிலையோடு நிறுத்தினால் ஓர் அத்தியாயத்துக்குள் தேடுபவருக்கு உதவி கிடைக்காது.

சட்ட நூல்களும் பெரிய பாடநூல்களும் இதற்கு ஒரு நல்ல வழியை வைத்திருக்கின்றன. முதலில் அத்தியாயப் பெயர்கள் மட்டும் அடங்கிய ஒரு பக்கச் சுருக்கப் பொருளடக்கம்; அடுத்து எல்லா நிலைகளும் அடங்கிய விரிவான பொருளடக்கம். இன்னொரு வழி, விரிவான பட்டியலைப் பிரித்து ஒவ்வோர் அத்தியாயத்தின் முகப்பிலும் அந்த அத்தியாயத்துக்கு உரியதை மட்டும் வைப்பது. தேடுபவர் முதல் பக்கத்தில் அத்தியாயத்தைத் தேர்ந்துகொள்வார், அத்தியாய முகப்பில் பகுதியைத் தேர்ந்துகொள்வார். கையேடு நீள நீள இந்த இரண்டாம் வழியே எனக்குப் பிடித்தமானதாகிறது.

பக்க எண்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவை இடத்தை மட்டும் காட்டுவதில்லை. அடுத்தடுத்த இரண்டு எண்களின் வேறுபாடு பகுதியின் நீளத்தையும் காட்டுகிறது. 4.2 இரண்டு பக்கம், 4.3 மூன்று பக்கம் என்பதை வாசகர் யோசிக்காமலே கணித்துவிடுகிறார். பக்கங்களே இல்லாமல் திரையில் ஒரே நீளமாக ஓடும் ஆவணங்களில் பக்க எண்ணுக்குப் பதில் இணைப்பு வந்தது. இடம் முன்னைவிட எளிதாகக் கிடைக்கிறது, நீளம் பற்றிய செய்தி மறைந்துவிட்டது. அப்படிப்பட்ட ஆவணங்களில் நீண்ட பகுதிகளுக்கு எதிரே படிக்க ஆகும் நேரத்தையோ, அதில் எத்தனை படிகள் உள்ளன என்பதையோ சிறிய எழுத்தில் குறிப்பது, இழந்ததை மீட்டுத் தரும்.

தலைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒரு வரிக்குள் சொல்ல முடிவது கொஞ்சம்தான். அத்தியாயங்கள் குறைவாகவும் ஒவ்வொன்றும் கனமாகவும் இருக்கும் ஆவணத்தில், அத்தியாயப் பெயருக்குக் கீழே ஓரிரு வாக்கியங்களில் அதன் சாரத்தைச் சேர்ப்பதுதான் பொருளடக்கத்துக்கு நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம் என்று சொல்வேன். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' 1859இல் வெளிவந்தபோது, அதன் பொருளடக்கத்தில் ஒவ்வோர் அத்தியாயத்தின் பெயருக்குக் கீழும் அந்த அத்தியாயத்தில் வரும் வாதங்கள் சிறு சிறு தொடர்களாக, கோடுகளால் பிரிக்கப்பட்டு நின்றன. ஆறாம் அத்தியாயத்துக்கு அவர் இட்ட பெயரே, தம் கோட்பாட்டுக்கு எதிரான இடர்ப்பாடுகள் அதில் பேசப்படுகின்றன என்று அறிவித்தது; இடைநிலை வகைகள் காணப்படாதது அல்லது அரிதாக இருப்பது உள்ளிட்டவை கீழே வரிசையாகச் சொல்லப்பட்டிருந்தன. நூலை எதிர்க்கும் எண்ணத்தோடு திறந்தவரும் தம் ஆட்சேபத்துக்கு ஆசிரியர் எங்கே பதில் சொல்கிறார் என்பதைப் பொருளடக்கத்திலேயே கண்டுகொள்ள முடிந்தது. வாசகரிடம் இப்படி வெளிப்படையாக இருப்பது எழுதுபவரின் நேர்மைக்கும் அடையாளம்.

இத்தகைய சாரக் குறிப்பு எழுதும்போது 'இந்த அத்தியாயத்தில் பேக்கப் பற்றி விரிவாக விளக்கப்படுகிறது' என்று எழுதுவதில் பயனில்லை. தலைப்பையே நீட்டிச் சொன்னதாகத்தான் ஆகும். 'தினமும் மாறிய கோப்புகளை மட்டும், வாரம் ஒருமுறை முழுவதையும் பேக்கப் எடுக்கும்படி அமைக்கும் முறை. வட்டில் இடம் போதாதபோது எதை முதலில் நீக்கலாம்' என்று எழுதினால் வாசகர் தம் கேள்வியை அதோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

அட்டவணைப் பட்டியலும் பின்னிணைப்புகளும் இதே விதிக்கு உட்பட்டவைதான். 'பின்னிணைப்பு 3' என்று மட்டும் எழுதிவிட்டு அதில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் விடுவது ஏனோ பரவலாக இருக்கிறது.

கருவி செய்து தருவதும் நம்மிடம் விடுவதும்

வேர்டிலும் லிப்ரே ஆபிஸிலும் தலைப்புகளுக்கு 'ஹெடிங் 1', 'ஹெடிங் 2' போன்ற ஸ்டைல்களைக் கொடுத்துவிட்டால் பொருளடக்கத்தை மென்பொருளே தொகுத்துத் தந்துவிடும். தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி, அளவைக் கூட்டி, பார்வைக்கு மட்டும் தலைப்பாக்கி வைத்திருந்தால் தொகுப்பில் அது சேராது. இது பலருக்கும் தெரிந்ததே. ஆனால் தானாகத் தொகுக்கும் வசதி வந்த பிறகு பொருளடக்கம் தனியாக எழுதப்பட வேண்டிய ஒன்று என்ற எண்ணமே மங்கிவிட்டது என்பது என் வருத்தம். மென்பொருள் தலைப்புகளைத் திரட்டுகிறது. அந்தத் தலைப்புகளை வரிசையாக ஒரே பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்ப்பதை அது செய்வதில்லை.

நீளமான தலைப்பின் குறுகிய வடிவத்தைப் பொருளடக்கத்தில் வைக்கும் வசதியும் உண்டு. கட்டளைகளை எழுதி ஆவணத்தை அச்சுக்கோக்கும் லேடெக் மென்பொருளில், பகுதித் தலைப்புக்கான கட்டளையில் சதுர அடைப்புக்குறிக்குள் இன்னொரு வடிவத்தைக் கொடுத்தால் அதுவே பொருளடக்கத்துக்குப் போகும். வேர்டில் டிசி என்ற ஃபீல்டைக் (ஆவணத்துக்குள் மறைவாக வைக்கும் குறிமுறை) கொண்டு இதைச் செய்யலாம். இந்த வசதியை நான் மிகவும் சிக்கனமாகவே பயன்படுத்தச் சொல்வேன். பொருளடக்கத்தில் ஒரு தலைப்பைப் பார்த்து அங்கே போகும் வாசகர், அதே சொற்கள் தம்மை வரவேற்கும் என்று எதிர்பார்க்கிறார். வேறு சொற்கள் இருந்தால் தவறான பக்கத்துக்கு வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் தடுமாறுவார். சுருக்கும்போதும் முதற்சொற்கள் மாறாமல் இருந்தால் அந்தத் தடுமாற்றம் நேராது.

பார்வையற்ற வாசகர்களை நினைக்கும்போது தலைப்புகளின் பொறுப்பு இன்னும் கூடுகிறது. என்விடிஏ, ஜாஸ் போன்ற திரைவாசிப்பான்களைப் பயன்படுத்துவோர் இணையப் பக்கத்தில் ஹெச் விசையை அழுத்தித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவலாம். எல்லாத் தலைப்புகளையும் ஒரே பட்டியலாகத் திறந்தும் கேட்கலாம். அந்தப் பட்டியல் அவர்களுக்குப் பொருளடக்கம்தான், ஆவணத்தை எழுதியவர் பொருளடக்கம் என்று ஒன்றை வைத்திருந்தாலும் வைக்காவிட்டாலும். அதில் 'விவரங்கள்', 'மேலும்', 'குறிப்பு' என்று வரிசையாகக் காதில் விழுந்தால், பக்கத்தின் அமைப்பைக் கண்ணால் பார்த்து ஊகிக்கும் வழி இல்லாதவருக்கு அது எந்த உதவியும் செய்யவில்லை. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008இல் வெளியிட்ட இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் 2.0 பதிப்பு, தலைப்புகள் பகுதியின் பொருளையோ நோக்கத்தையோ விவரிக்க வேண்டும் என்பதை 2.4.6 என்ற எண்ணில் ஒரு தகுதி விதியாகவே வைத்திருக்கிறது.

எழுதாதவர் கையில் கொடுத்துப் பார்ப்பது

பொருளடக்கம் நன்றாக இருக்கிறதா என்பதை அதை எழுதியவரால் சொல்ல முடியாது. 4.3இல் என்ன இருக்கிறது என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். 'சிறப்பு நிலைமைகள்' என்ற இரண்டு சொற்களும் அவர் மனத்தில் முழு நான்கு பக்கத்தையும் எழுப்பிவிடும். ஆவணத்தைப் படிக்காத ஒருவரிடம் பொருளடக்கத்தை மட்டும் அச்சிட்டுக் கொடுத்து, வாசகர்கள் உண்மையில் கேட்கக்கூடிய சில கேள்விகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் விடை எந்த வரியில் இருக்கும் என்று விரலால் காட்டச் சொல்ல வேண்டும். இணையதளங்களை வடிவமைப்பவர்கள் இதை ட்ரீ டெஸ்டிங் என்ற பெயரில் முறையாகவே செய்கிறார்கள். விரல் இரண்டு வரிகளுக்கு நடுவே தயங்கினால் அந்த இரண்டு தலைப்புகளின் எல்லை தெளிவாக இல்லை. 'அமைப்புகள்', 'உள்ளமைவு' என்று இரண்டு பகுதிகள் அடுத்தடுத்து இருக்கும் கையேடுகளில் இந்தத் தயக்கத்தைத் தவறாமல் பார்க்கலாம். விரல் உறுதியாகத் தவறான வரிக்குப் போனால் தலைப்பு பொய் சொல்கிறது என்று பொருள். தயக்கத்தைவிட இதுதான் அவசரமாகத் திருத்த வேண்டியது.

கேள்விகளைத் தொகுக்கும்போது தலைப்பில் உள்ள சொற்களைக் கேள்வியில் போடக் கூடாது. 'முழு வட்டையும் மீட்டெடுப்பது எங்கே இருக்கிறது' என்று கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள். 'கணினி திறக்கவே மறுக்கிறது, உள்ளே இருந்ததெல்லாம் வேண்டும்' என்று கேட்டுப் பார்க்க வேண்டும். தேட வேண்டிய சொல்லை அறிந்தவருக்குக் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போதும், திரையில் என்றால் தேடல் பெட்டி போதும். தமக்கு வேண்டியதற்கு இந்த ஆவணம் என்ன பெயர் வைத்திருக்கிறது என்று அறியாதவரே பொருளடக்கத்துக்கு வருகிறார்.

தலைப்புகளை மாற்றும் உரிமை எழுதுபவருக்கு இல்லாத ஆவணங்களும் உண்டு. ஆய்வேடுகளிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் அறிமுகம், முறை, முடிவுகள், விவாதம் என்ற வரிசை பெரும்பாலும் விதித்த வரிசை. பல நிறுவனங்களின் அறிக்கை மாதிரிகளிலும் அத்தியாயப் பெயர்கள் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். அந்த மேல்நிலைப் பெயர்களோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. அந்தத் துறையின் வாசகர்கள் அவற்றை நம்பியே தேடுகிறார்கள். இரண்டாம் நிலைத் தலைப்புகள் பெரும்பாலும் நம் கையில் விடப்பட்டிருக்கும். 'முடிவுகள்' என்பதன் கீழ் 'அளவீடு 1', 'அளவீடு 2' என்று போடுவதற்குப் பதில், எந்த அளவீடு எதைக் காட்டியது என்று எழுதினால் விதியும் மீறப்படாது, வாசகரும் வழி தெரியாமல் நிற்கமாட்டார்.

கடைசியாக, அச்சுக்கோ வெளியீட்டுக்கோ அனுப்பும் முன் செய்ய வேண்டிய ஒரு சரிபார்ப்பு. வேர்டில் பொருளடக்கத்தின் மீது கர்சரை வைத்து எஃப்9 விசையை அழுத்தினால், பக்க எண்களை மட்டும் புதுப்பிக்கவா, முழுப் பட்டியலையும் புதுப்பிக்கவா என்று அது கேட்கும். அவசரத்தில் முதலாவதைத் தேர்ந்தால் எண்கள் சரியாகிவிடும். உள்ளே மாற்றிய தலைப்புகள் மட்டும் பட்டியலில் பழைய வடிவத்திலேயே தங்கிவிடும். லேடெக்கில் பொருளடக்கம் முந்தைய ஓட்டத்தில் எழுதிவைத்த துணைக் கோப்பிலிருந்து வருவதால், குறைந்தது இரண்டு முறை ஓட்டினால்தான் கடைசித் திருத்தம் அதில் ஏறும். புதுப்பித்த பிறகு பொருளடக்கத்தை மட்டும் தனியே அச்சிட்டு, ஒவ்வொரு வரியாக அந்தந்தப் பக்கத்தைத் திறந்து, தலைப்பும் எண்ணும் ஒத்துப்போகின்றனவா, அந்த வரி சொன்னது அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசி நேரத்தில் வெட்டி ஒட்டிய பத்திகள் தங்கள் பழைய தலைப்பை விட்டு வேறிடம் போயிருப்பது பெரும்பாலும் இந்தப் பார்வையில்தான் பிடிபடும்.